பதினாறாம் வளைவு தெரியும் ஜன்னல்

தம்பானூர், திருவனந்தபுரம்
24.8.2025, ஞாயிறு

அன்புள்ள மாடத்திக்கு,

மதினி எழுதுகிறேன். இங்கே அண்ணனும் நானும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்த காலோடு போய் ஈரத்தில் நிற்காதே. நான் வந்திருந்த அன்றே பார்த்தேன், நீ அப்படித்தான் செய்கிறாய்.

இந்தக் கடிதத்தைக் கண்டக்டர் ஸ்ரீஜித் நாளைக் காலை வண்டியில் கொண்டுவந்து உன் கையில் தருவார். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எங்கள் வீடு சின்னது. அண்ணனுக்குக் காலும் கையும்தான் சுணங்கிவிட்டதே தவிர, காது பழைய காதுதான். நான் அடுப்படியில் நின்று பேசினால்கூட அவருக்குக் கேட்கும். நீயும் இங்கே போன் பண்ணமாட்டாய், அவர் எடுத்துவிடுவாரோ என்ற பயம். அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசி.

நீ ஸ்ரீஜித்திடம் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. "நாலு நாளா மூடுபனி. ஒண்ணும் தெரியல. அண்ணனுக்கு எதுக்கு வெறும் வெள்ளை? ஜன்னல்ல வச்ச போனை எடுத்துரட்டா?" என்று கேட்டிருந்தாய். எடுத்துவிடாதே, மாடத்தி. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். அன்று நான் வந்தபோது சாயங்கால வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது முதலிலிருந்து சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவள், முதலிலிருந்துதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

பிப்ரவரியில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். இடது பக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சபீனா என்ற பெண் வாரத்துக்கு மூன்று நாள் வந்து கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அவள் முதல் நாளே சொன்ன விஷயம், காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் சாய்ந்தாவது உட்கார வேண்டும் என்பது. "இப்படியே படுத்தா நெஞ்சில கபம் கட்டும் டீச்சரே. பின்னே எண்ட கையில ஒண்ணும் இல்ல" என்றாள். அவள் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

ஆனால் உன் அண்ணன் உட்காரமாட்டேன் என்றார். வலியால் இல்லை. எங்கள் அறையின் ஜன்னலை நீ பார்த்ததில்லை. முன்பு அதில் ஒரு முருங்கை மரமும் ரயில்வே லைனின் ஒரு துண்டும் தெரியும். போன வருஷம் பக்கத்து மனையில் லாட்ஜ் கட்டினார்கள். இப்போது மூன்றடி தூரத்தில் ஒரு சுவரும் கழிவுநீர்க் குழாயும்தான். "எந்திச்சு உக்காந்து யாரப் பாக்க? லாட்ஜ்காரன் குழாயையா?" என்று கேட்டுவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் அப்படியே போயின. ஆள் கண்ணெதிரே தேய்ந்துகொண்டு வந்தார்.

ஜன்னல் கெட்டுப்போனால் வேறு ஜன்னல் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். பென்ஷன்காரர்கள் சங்கத்தில் கொடுத்த டேப்லட் ஒன்று இருந்தது. அதை ஜன்னல் கம்பியில் கட்டி, மலைப் படம் ஒன்றை ஓடவிட்டேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, தபால் பெட்டிக்குள் எட்டிப்பார்ப்பது போல் இருக்கிறது என்றார். சரியான பேச்சுதான். ஜன்னல் என்றால் மனிதன் சாய்ந்து நிற்கிற அளவு வேண்டும். அதனால் முன் அறையில் இருந்த டிவியைத் தூக்கிக்கொண்டுவந்து ஜன்னல் திண்டில் நிறுத்தினேன். டிவியின் கறுப்பு விளிம்பு தெரிந்தால் டிவி என்று கண் கண்டுபிடித்துவிடும். அதை மறைக்க மெல்லிய பலகைச் சட்டம் அடித்து, ஜன்னலின் நிறத்தையே பூசினேன். பழைய திரைச்சீலையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விரலை மூக்குக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடு, பிறகு அதைத் திறந்து மற்றதை மூடு. விரல் இடம் மாறிக் குதிக்கும். தூரத்தில் இருக்கிற மலையை அப்படிப் பார், மலை அசையாது. பக்கத்தில் இருப்பதைத் திரையில் காட்டினால் கண் நம்பாது, தூரத்தில் இருப்பதைக் காட்டினால் நம்பிவிடும். அதனால்தான் மலையைத் தேர்ந்தெடுத்தேன். கட்டிலையும் எட்டடி பின்னால் தள்ளிப் போட்டேன். இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். தப்பு வேறு இடத்தில் நடந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் பார்வதியம்மாளை அண்ணனுக்குத் துணைக்கு வைத்துவிட்டு நான் பொன்முடி மலைக்கு வந்தேன். பார்வதியம்மாள் எதிர்வீட்டுக்காரி. மலை ரோட்டில் உன் வீடு இருக்கிற வளைவுக்குக் கீழே உள்ள டீக்கடை வாசலில் நின்று, நாற்பது நிமிஷம் மலையையும் ரோட்டையும் போனில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். உன் வீடு வரை வரவில்லை. வர எனக்குத் தைரியம் இல்லை, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த நாற்பது நிமிஷத்தையே முடிய முடிய மறுபடி ஓடும்படி டிவியில் போட்டேன்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார், மாடத்தி! மூன்று நாள், காலையும் மாலையும் உட்கார்ந்தார். சபீனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இது நல்லாயிருக்கல்லோ டீச்சரே, எண்ட உம்மாவுக்கும் ஒண்ணு செஞ்சு தரணும்" என்றாள். படத்தில் ஒரு பஸ் வளைவு திரும்பி வந்து நிற்கும். பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா சிவப்பு வாளியோடு இறங்குவார். முதல் நாள் அண்ணன், "சீசனுக்கு ஸ்பெஷல் விட்டிருக்கானுக போல" என்றார். நான் திரைச்சீலையைச் சரிசெய்வது போல் திரும்பிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "டீச்சரே, இந்த மலைக்கு நான் வண்டி ஓட்டினவன். ஒரு நாளைக்கு எத்தன வண்டின்னு எனக்குத் தெரியாதா? காலையிலிருந்து அந்தப் பச்சைச் சேலை அம்மா வாளியத் தூக்கிக்கிட்டு அஞ்சு தடவ எறங்கிட்டா. பாவம், எங்கயாவது உக்கார விடு அவள" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு வந்தது வாதம். பைத்தியம் இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

பொன்முடி டிரைவரைப் பொன்முடி பஸ்ஸை வைத்தே ஏமாற்றப் பார்த்த புத்திசாலி உன் மதினி.

அன்று முழுவதும் யோசித்தேன். வகுப்புக்கு வந்து பெயர் கூப்பிடாமல், நேற்றைய வருகைப் பதிவைப் பார்த்து இன்றைக்கும் எழுதிவிடுகிற வாத்தியார் சிலர் உண்டு. ஏட்டில் எல்லோரும் ஆஜர். பெயர் கூப்பிட்டு, பதில் வருமா வராதா என்று ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பதுதான் பள்ளிக்கூடம். அவருக்கு நான் நேற்றைய ஏட்டைக் காட்டியிருந்தேன். அடுத்து என்ன வரும் என்று தெரியாதபோதுதானே மனிதர் ஜன்னலில் போய் நிற்கிறார்கள்.

தைரியம் சேர இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அப்படித்தான் ஜூலையில் உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினெட்டு வருஷம் கழித்து. நீ என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பால் விடாமல் கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தாயே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே எல்லாம் சொன்னேன். "அவருக்கு மலை வேணும்னா பாத்துக்கிடட்டும். நான் என்ன மலையக் கட்டியா வச்சிருக்கேன்?" என்றாய். பழைய போனை ஜன்னலில் உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்தோம். வெளியே பார்க்கிற கண் முற்றத்தையும் ரோட்டையும் மலையையும் பார்க்க, திரை உன் வீட்டுக்குள் பார்த்து நின்றது. இங்கே இன்னொரு போன் டிவிக்குக் கீழே இருக்கும், காலையிலிருந்து மாலை வரை இரண்டும் பேசிக்கொண்டே இருக்கும் என்று நான் சொன்னபோது நீ போட்ட நிபந்தனை இரண்டு. "சத்தம் வேண்டாம் மதினி. அவரு குரலக் கேட்டா எனக்குச் சண்டைதான் வரும்." அப்புறம், "அவரு மூஞ்சியும் எனக்குத் தெரியவேண்டாம்." இரண்டுக்கும் சரி என்றேன். சத்தத்தை இரு பக்கமும் நிறுத்தினேன். இங்கே வந்ததும் என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து எங்கள் போனின் கண்ணில் ஒட்டிவிட்டேன்.

முதல் படம் வந்தபோது அண்ணன் படுத்திருந்தார். சும்மா தலையைத் திருப்பியவர், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "இது பதினாறாம் வளைவு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு வீட்டு ஜன்னல்?" என்றார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வீடு என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. படத்தின் ஓரத்தில் உன் ஜன்னலின் பச்சைக் கம்பி ஒன்று தெரிகிறது, அந்த வளைந்த கம்பி. அதற்குப் பெயின்ட் அடித்தவரே அவர்தானே.

இப்போது உன் மூடுபனிக்கு வருகிறேன். நீ வெறும் வெள்ளை என்கிறாய். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உன் அண்ணன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். சபீனா கேட்டது ஒரு மணி நேரம்தான். "இப்ப விலகும் பாரு", "கல்லார் பக்கம் வெளுத்தா இங்க வெளுக்கும்", "இந்தப் பனியில ஸ்ரீஜித் வண்டி பத்து நிமிஷம் லேட்டு" என்று தானே பேசிக்கொள்கிறார். பஸ்ஸின் இரண்டு விளக்கும் வெள்ளைக்குள் மஞ்சளாக முளைத்தபோது, "வந்துட்டான் டீச்சரே!" என்று கத்தியதில் பார்வதியம்மாள் எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்துவிட்டாள். நான் காட்டிய டீக்கடைப் படத்தில் நாற்பது நிமிஷமும் நல்ல வெயில். அந்த நாலாம் நாளுக்குப் பிறகு அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி, நான் எழுத நினைத்த விஷயம்.

ஆகஸ்ட் பிறந்த முதல் வாரத்தில் ஒரு நாள், காலை வண்டி போன பிறகு, படத்தில் நீ வந்தாய். கொடியில் துணி காயப்போட வந்திருப்பாய். ஜன்னலுக்கு நேரே வந்ததும் சட்டென்று குனிந்து, அப்படியே குனிந்தபடி கடந்துபோனாய். முழங்கால் வலியோடு. அண்ணனுக்கு மலை மறைக்கக் கூடாது என்று குனிந்தாயோ, அவர் கண்ணில் படக்கூடாது என்று குனிந்தாயோ, எனக்குத் தெரியாது. நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். "தண்ணி கொண்டா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் உட்காருவதற்கு முன்னால், "சீப்பு எங்க?" என்று கேட்டார். ஆறு மாதமாகத் தலைக்குச் சீப்பு கேட்காத மனிதர்.

அன்றிலிருந்து அவர் காலை வண்டி போன பிறகும் படுப்பதில்லை. பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பார். பஸ் போய்விட்டதே என்றால், "கொஞ்சம் இரு" என்பார். நீ துணி போட்டுவிட்டுத் திரும்பவும் குனிந்து உள்ளே போன பிறகுதான், "சரி, சாய்ச்சு விடு" என்கிறார். நீ காய்ச்சலில் கிடந்த அந்த இரண்டு நாள் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் என்று எனக்கு ஸ்ரீஜித் சொல்லித்தான் தெரியும். அண்ணனிடம் நான் சொல்லவில்லை. "துணி துவைக்கலையோ?" என்று மட்டும் கேட்டார்.

இன்னொன்று. நான் வந்திருந்த அன்று நீ சாயா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "எல்லா வளைவுலயும் ஒரு நீட்டு ஹார்ன்தான் அடிப்பாரு. எங்க வளைவுல மட்டும் குட்டியா ரெண்டு. ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் நாலு வருஷம் தினமும். கேட்டதும் நான் அடுப்படிக்குள்ள போயிருவேன்." எனக்கு அது புதுச் செய்தி. உன் அண்ணன் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து கேட்கவும் தோன்றவில்லை.

போன வாரம் சபீனா அவர் இடது கையைப் பிடித்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். படத்தில் பஸ் வந்தது. உன் வளைவில் திரும்பியது. அவள் திடீரென்று, "டீச்சரே, நோக்கூ, நோக்கூ!" என்றாள். இடது கையின் நடுவிரல் கட்டில் கம்பியில் தட்டியது. இரண்டு தட்டு, குட்டியாக. ஆறு மாதம் அசையாத விரல், மாடத்தி. சபீனா பயிற்சி பலித்தது என்று குதித்தாள். பலித்ததுதான், அந்தப் பெண்ணின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு தட்டு என்ன என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும் தெரியும்.

பழைய விஷயத்தை நான் கிளறப்போவதில்லை. அம்மா போன அன்று மண் சரிந்து ரோடு அடைத்தது. உன் அண்ணன் வண்டி நிறையப் பயணிகளோடு மலையடிவாரத்தில் கல்லாரில் நின்றார். வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கலாம் என்பது உன் நியாயம். அத்தனை பேரை மழையில் விட்டுவிட்டு டிரைவர் இறங்கக்கூடாது என்பது அவர் நியாயம். மறுநாள் அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "உன் வண்டி ஊருக்கெல்லாம் வரும், பெத்தவ வாசலுக்கு மட்டும் வராது" என்று எல்லோர் முன்னாலும் நீ சொன்னாய். எத்தனையோ ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். இந்த ஒரு தாளுக்கு மட்டும் இரண்டு பேரில் யாருக்கு மார்க் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. திருத்தாமலே கட்டி வைத்துவிட்டேன். நீயும் அப்படியே வைத்துவிடு.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வண்டி திரும்பிப்போன பிறகு அண்ணன் டிவிக்குக் கீழே இருக்கிற போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல என்ன பொட்டு?" என்று கேட்டார். "வீட்டுக்காரிக்கு நம்ம பக்கம் தெரிய வேண்டாமாம்" என்றேன். "அவ சொன்னாளா?" என்றார். மாடத்தி, யார் வீடு என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ஆமாம் என்றேன். "அவ சொன்னா சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று விளக்கை அணைக்கப் போனேன். கண்ணைத் திறக்காமலே, "பசை காஞ்சு போயிருக்கும். விழுந்தா விழட்டும். நீ திருப்பி ஒட்டிக்கிட்டு இருக்காத" என்றார்.

உன் சம்மதம் இல்லாமல் நான் அந்தப் பொட்டைத் தொடமாட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நாளை முதல் ஜன்னலுக்கு முன்னால் குனிந்து போகாதே. உன் முழங்காலுக்கு அது ஆகாது. மலை எங்கேயும் போய்விடாது, நீ கடக்கிற நேரம் மறைந்துகொண்டு இருக்கட்டும். நிமிர்ந்து நட. எங்கள் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூட இல்லை. நீ நிமிர்ந்து நடக்கிற அன்று, சம்மதம் சொல்லிவிட்டாய் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அதன் பிறகு வீட்டுக்குள் போய் உப்பு ஜாடிப் பக்கம் பார். வழக்கமாக இருட்டாக இருக்கிற திரை வெளிச்சமாக இருக்கும். பதறிப்போய் போனைத் தட்டி விட்டுவிடாதே. மீசை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆகலாம். உன் அண்ணன்தான்.

ஸ்ரீஜித் இந்தக் கவரை நீட்டுவதையும் நீ வாங்குவதையும் நாளைக் காலையில் நாங்கள் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்போம். அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. என் காக்கிக் கவரை அவருக்கு நன்றாகத் தெரியும், பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஓணத்துக்கு லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வாழைக்காய் வறுவலும் சர்க்கரை உப்பேரியும் கவரோடு வைத்திருக்கிறேன். உனக்குத் தனிப் பொட்டலம். நீ நல்ல உடம்போடு நூறு வருஷம் அந்த முற்றத்தில் துணி காயப்போட வேண்டும் என்று இங்கே ஒருவர் தினமும் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சார்பிலும் சேர்த்துக் கேட்கிறேன், நிமிர்ந்து நட, தாயே.

என்றும் உன் நலம் வேண்டும்,
மதினி
கலைச்செல்வி